வேற இடம் பாருங்க

பெண் பார்க்க வந்த லோகேஷ், காபித் தட்டோடு வந்த தீபிகாவை நிமிர்ந்து பார்த்தான். அடுத்த நொடி நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தான்.

பொண்ணோட அழகுல மாப்பிள்ளை மயங்கிட்டார் என்று யாரோ சிரித்தார்கள்.

தீபிகா சிரிக்கவில்லை. அவள் நர்ஸ். அவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். துடிப்பு இல்லை.

பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தாள். பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் வளைந்து ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை, இருபது நிமிடம், நிறுத்தவே இல்லை.

நாலு நாள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்திருக்கிறான். சொன்னால் பெண் பார்ப்பது தள்ளிப்போய்விடுமாம். காய்ச்சலைக் கொண்டுவந்த வைரஸ் இதயத்தையே வீங்க வைத்திருந்தது.

சென்னைக்குக் கொண்டுபோய் எக்மோ மெஷினில் போட்டார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றி, மறுபடி உடம்புக்குள் அனுப்பும். இதயம் ஓய்வெடுக்கட்டும், அதன் வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றார் டாக்டர். பிழைப்பானா என்றதற்கு மட்டும் ஃபைலைப் புரட்டினார்.

தீபிகா தினமும் டூட்டி முடிந்ததும் பஸ் ஏறிப் போனாள். கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். கட்டினால் இவரைத்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தைகூடப் பேசாதவனுக்காகவா இப்படி என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் லோகேஷின் அம்மா பெரியநாயகி போன் செய்தாள்.

"உங்க பொண்ணு எங்களுக்குச் சரிப்படாது. வேற இடம் பாருங்க."

தீபிகாவின் அப்பா மாணிக்கவேல் கொதித்துப் போனார். உயிரைப் பிடித்து வைத்தவளுக்கு இதுதான் மரியாதையா என்று தெருவே பேசியது.

ஒன்பதாம் நாள் லோகேஷின் இதயம் தன் வேலையைத் தானே பார்க்க ஆரம்பித்தது. மெஷினை எடுத்துவிட்டார்கள். செய்தி வந்தபோது தீபிகா வார்டில் இருந்தாள். ஊசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். எதற்கென்று தெரியாமலே நோயாளிகள் கைதட்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து, பூவும் பழமுமாகப் பெரியநாயகி வாசலில் வந்து நின்றாள். பின்னால் லோகேஷ். பாதியாக இளைத்திருந்தான். அவள் அழுத்தியதில் நொந்த விலா வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே தீபிகாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மாணிக்கவேல் வழி விடவில்லை.

"பையன் பொழைச்சதும் என் பொண்ணு சரிப்பட்டுட்டாளாம்மா?"

பெரியநாயகி தலை குனிந்தாள்.

"நான் போன் பண்ண அன்னிக்குக் காலைலதான் டாக்டர் கையை விரிச்சுட்டார் அண்ணா. உங்க பொண்ணு கண்ணாடிகிட்டயே நின்னுக்கினு இருந்தா. இவன் போய்ட்டா, அவ இவனையே நெனைச்சுக்கினு உட்கார்ந்துடுவாளோன்னு பயமா இருந்துச்சு. என்னைத் திட்டிக்கினாவது வேற ஒருத்தனைக் கட்டிக்கட்டும்னுதான் போன் பண்ணேன்."