நரி முகம்

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலிமனைக்கு விடியற்காலையில் ஒரு நரி வரும். செங்கல் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்து, பின்னங்காலால் காதைச் சொறிந்துவிட்டு, கொட்டாவி விட்டபடி இந்த வீட்டு ஜன்னலையே பார்க்கும். நரி முகத்தில் விழித்தால் போகிற காரியம் ஜெயிக்கும் என்பதால், சிங்காரவேலு கண்ணைத் திறக்காமலே படுக்கையைவிட்டு எழுவார். மனைவி மரகதம் கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிவந்து, "ம், இப்பத் தெறங்க" என்பாள். அன்று ஆஸ்பத்திரிக்குப் போய் அவருடைய பரிசோதனை முடிவைக் கேட்க வேண்டும். வெயில் ஏறும்வரை நின்றும் செங்கல் குவியல் காலியாகவே இருந்தது.

"வரலைங்க."

"அப்ப நான் தெறக்க மாட்டேன்."

மூடிய கண்களோடே பல் துலக்கினார். சட்டைப் பொத்தான்களை அவள் போட்டுவிட்டாள். ஆட்டோக்காரர், "கண்ணாஸ்பத்திரிக்காம்மா?" என்று கேட்டார். மருத்துவர் உறையைப் பிரித்துப் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு மரகதத்தைப் பார்த்தார். தாள் சரசரப்பு நின்றதும் சிங்காரவேலு தலையைச் சாய்த்து, "என்ன மரகதம், நரி வந்துருச்சா?" என்றார். அவள் தன் உள்ளங்கையால் அவருடைய கண்களைப் பொத்தினாள்.

"வந்துக்கிட்டே இருக்குங்க. தெறந்துறாதீங்க."