வாசலில் நூறு பேர்

“மூணு தேர்தல் தோத்தாச்சு. நாலாவதுக்குக் கப்பு ஏதும் தர்றாங்களா? கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா வீட்டுல இருக்கச் சொல்லுங்க.”

“அண்ணி, அவர் விலகினா கட்சியே படுத்துடும். வாசல்ல வந்து பாருங்க. காலையிலேருந்து நூறு பேர் வெயில்ல உக்காந்திருக்காங்க.”

மனைவியும் செயலாளரும் ஹாலில் மோதிக்கொள்வது எதிர்க்கட்சித் தலைவருக்கு உள்ளறையில் கேட்டது. எதிரே ராஜினாமாக் கடிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வெளியே “போகாதீங்க தலைவரே” என்று கம்மிய குரல்கள். ஊரே காறித் துப்பும்போது இந்த நூறு பேராவது இருக்கிறார்களே. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

முன்னால் இருந்த பெரியவரின் கையைப் பிடித்தார். “எந்த வட்டம்யா நீங்க? ஒரு முகமும் பிடிபடலையே.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். “உங்ககிட்ட பொய் சொல்ல வாய் வரலைங்க. நாங்க ஆளுங்கட்சி. நீங்க இருக்கற வரைக்கும் எங்களுக்குத் தோல்வியே இல்லைன்னு மேலிடத்துல அனுப்பிவச்சாங்க.”

தலைவர் திரும்பிச் செயலாளரைப் பார்த்தார். “நம்ம ஆளுங்க எங்கய்யா?”

“ஒருத்தரும் வரலைண்ணே.”

தலைவர் கடிதத்தை எடுத்துப் பிரித்தார். செயலாளர் தன் பேனாவைத் திறந்து நீட்டினார். மனைவிதான் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னிக்கு வேண்டாம்ங்க. இவங்க முன்னாடி வேண்டாம்.”

நீங்க அவர் இடத்துல இருந்தா கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா? மனசுல பட்டதை ஒரு வரி எழுதுங்க.