பூஜ்யம் கிலோமீட்டர்

"கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே. மூணு வாரமா தினமும் பூஜ்யம் கிலோமீட்டர்தான் காட்டுது. எங்கப்பா அதுல ஏறுறதே இல்ல. வேற யாருக்காவது பயன்படட்டும்."

போனில் பொரிந்து தள்ளினாள் தபால்காரரின் மகள். ரயிலில் ஆறு மணி நேர தூரத்தில் அவளுக்கு வேலை.

சைக்கிள் கடைக்காரருக்கும் எரிச்சல்தான். இரண்டு மாதத்துக்கு முன் அரை நாள் கடையை மூடிவிட்டு வந்து மாட்டிக் கொடுத்தவர் அவர்.

ஓய்வுபெற்ற தபால்காரர், சாலையில் ஒருமுறை தலைசுற்றி விழுந்துவிட்டார். 'இனிமே வீட்டுக்குள்ளயே ஓட்டுங்கப்பா' என்று மகள், நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க உதவும் ட்ரெயினர் ஸ்டாண்ட் ஒன்றை அனுப்பினாள். அவருடைய பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை அந்த இரும்பு ஸ்டாண்டில் இறுக்கி, உருளைமேல் பதியவைத்து, ஓடுகிற தூரம் மகளின் போனுக்குப் போகும்படி சக்கரத்தின் நடுவில் ஒரு சென்சாரையும் மாட்டியிருந்தார் கடைக்காரர்.

கதவைத் திறந்த தபால்காரரின் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி, வாங்க!" நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை அவசரமாக அள்ளினார். அதில் யாரும் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருக்க வேண்டும்.

"உக்கார நேரமில்லைங்க. ட்ரெயினரைக் கழட்டச் சொல்லிட்டாங்க உங்க பொண்ணு."

"ஓ..."

"ஊரெல்லாம் சைக்கிள்ல சுத்தினவரு நீங்க. பெத்த பொண்ணு ஆசையா அனுப்பினதுல பத்து நிமிஷம் காலை ஆட்டினா குறைஞ்சா போயிடுவீங்க?"

தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைக்காரர் ஸ்பேனரோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

உருளைக்குக் கீழே விரிப்பெல்லாம் கறுப்புத் தூள். டயர் தேய்ந்து வழவழவென்றிருந்தது. கைப்பிடியில் தொங்கிய துண்டில் வியர்வை ஈரம் இன்னும் காயவில்லை. சக்கரத்தின் நடுவில் இருந்த சென்சாரை மட்டும் காணோம்.

"ஐயா, டயர் மொட்டை அடிச்சுக் கிடக்கு! தினமும் எவ்வளவு நேரம் ஓட்டுறீங்க?"

"காலையில ஒரு மணி நேரம். சாயங்காலம் ஒரு மணி நேரம்." மெதுவாகச் சொன்னார். "வேற என்ன வேலை எனக்கு?"

"அப்புறம் ஏன் சென்சாரைக் கழட்டினீங்க? பாவம், பொண்ணு அங்க கிடந்து தவிக்கிறாங்களே!"

தபால்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அது இருந்தவரைக்கும், ஓட்டி இறங்கினதும் அவகிட்டேருந்து போன்ல ஒரு கட்டைவிரல் படம் வரும். அவ்வளவுதான். அஞ்சு வாரம் அவ குரலையே கேக்கல தம்பி."

"சரி, அப்புறம்?"

"ஒருநாள் காய்ச்சல்னு ஏறாம இருந்துட்டேன். அன்னிக்கு போன் வந்துச்சு! 'உங்களுக்குப் பொறுப்பே இல்லையாப்பா'ன்னு இருபது நிமிஷம் திட்டினா. நடுவுல சாப்பிட்டீங்களான்னு கேட்டா. ஒருதடவை சிரிக்கக்கூடச் செஞ்சா."

"அதனால...?"

"மறுநாளே கழட்டிட்டேன். இப்ப தினமும் திட்டு விழுது." சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை.

கடைக்காரர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அவருடைய போன் அடித்தது. மகள்தான்.

"கழட்டியாச்சாண்ணே? என்ன சொல்றாரு எங்கப்பா?"

தபால்காரர், கும்பிடாத குறையாக அவரைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து மறுபடியும் கட்டைவிரல். சொல்லாவிட்டால் ட்ரெயினரே போய்விடும்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"கழட்டலம்மா. மெஷின்ல ஒரு குறையும் இல்ல. உங்கப்பாதான் சுத்தச் சோம்பேறி. போன்ல திட்டுறதெல்லாம் இவருக்குப் பத்தாது. மாசம் ஒரு தடவை நேர்ல வந்து, ரெண்டு நாள் தங்கித் திட்டினாத்தான் வழிக்கு வருவாரு!"