மஞ்சள் கட்டம்

“இந்த ரெண்டுல எது சத்தம் போடாம படம் எடுக்கும்?” என்று கேட்டாள் நர்ஸ்.

கேமரா கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், பிறகு தள்ளுபடியைக் கேட்பார்கள். சத்தத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

“ரெண்டுமே எடுக்கும்மா. எதைப் படம் எடுக்கப் போறீங்க? குழந்தையையா?”

“ஒரு ஆளை. யாருன்னு தெரியாது.”

கூட வந்திருந்த மாடி வீட்டு அண்ணன் தொண்டையைக் கனைத்தார். “சொல்லிடுங்க சிஸ்டர். விஷயம் தெரிஞ்சாத்தானே அவரும் சரியானதை எடுத்துக் குடுப்பார்?”

சொன்னாள். இரண்டு மாதமாக வாரம் தவறாமல் அவள் வீட்டுத் தபால் பெட்டியில் ஓர் உறை கிடக்கிறது. உள்ளே ஒரே ஒரு போட்டோ. அவள் துணி காயப்போடுவது. வேலை முடிந்து வந்து கேட்டருகே கொட்டாவி விடுவது. போன வாரம் வந்ததில், ஜன்னலோரம் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கடிதம் இல்லை, பெயர் இல்லை.

“அன்னைலருந்து ஜன்னலைத் திறக்கறதில்லை. காத்து இல்லாம குழந்தை அழுவுது. எனக்குத் தூக்கமே போச்சு. போலீஸ்ல கேட்டா, முகம் தெரியற மாதிரி ஒரு படம் கொண்டாங்க, அப்புறம் பார்க்கலாம்ங்கறாங்க. என் போன்ல எடுத்தா எல்லாம் கலங்கலா வருது.”

“எதிர் மொட்டை மாடியிலருந்துதான் எடுக்கறான். கோணத்தைப் பார்த்தாலே தெரியுது,” என்றார் அண்ணன்.

பாவம், இந்த இரண்டு மாதமும் அவளுக்கு அவர்தான் துணை. இன்றைக்கும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

கடைக்காரர் இரண்டு கேமராக்களை மேசைமேல் வைத்தார்.

“இந்தச் சின்னது எடையே இல்லை, கைப்பைக்குள்ள போயிடும். பேட்டரி நிறைய நேரம் நிக்கும். ஆனா வெளிச்சம் குறைஞ்சா தடவும். இந்தப் பெரிசு கொஞ்சம் கனம், விலையும் கூட. ஆனா மங்கல்லயும் கண்ணைத் தேடிப் பிடிச்சுடும். திரையை முன்பக்கமாத் திருப்பிக்கலாம்.”

“சிஸ்டருக்குச் சின்னதே போதும்,” என்றார் அண்ணன். “முதல் கேமராவே பெரிசா வாங்கிட்டு எதுக்கு முழிக்கணும்?”

“சார் என்ன வச்சிருக்கீங்க?”

அண்ணன் தோள்பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். நீண்ட லென்ஸ் மாட்டிய, அதே பெரிய மாடல்.

“அடடே! உங்களுக்கு மட்டும் பெரிசு, அவங்களுக்குச் சின்னதா? நல்லா இருக்கு சார் நியாயம்!”

“நான் பறவை எடுக்கறவன். அது எங்க, இது எங்க?”

“மனுஷங்களை எடுக்கறதே இல்லையா?”

“ஐயோ, அந்த வம்பே வேண்டாம். பறவைன்னா, நான் குண்டாத் தெரியறேன்னு சண்டைக்கு வராது!”

நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாகிறது!

கடைக்காரர் பெரியதைத் தட்டிக் காட்டினார். “இதுல இன்னொரு வசதியும் இருக்கும்மா. முன்னால எந்த முகம் வந்தாலும் வெள்ளைக் கட்டம் போடும். ஆனா நமக்கு வேண்டிய ஒரு முகத்தை முன்கூட்டியே பதிஞ்சு வச்சிட்டா, அதுக்கு மட்டும் மஞ்சள் கட்டம். நூறு பேருக்கு நடுவுல நின்னாலும் அந்த முகத்தைத்தான் முதல்ல பிடிக்கும். பெத்தவங்க பிள்ளைங்க முகத்தைப் பதிஞ்சு வச்சுக்குவாங்க.”

“அதெல்லாம் யாருக்கு வேணும்? நான் தொட்டதே இல்லை,” என்றார் அண்ணன்.

“எதிர் மாடி வரைக்கும் தெரியுமா?” என்று கேட்டாள் நர்ஸ். அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

“சாரோட லென்ஸை மாட்டிப் பார்த்துடலாமே!”

கடைக்காரர் மளமளவென்று நீண்ட லென்ஸைக் கழற்றிக் கடைக் கேமராவில் மாட்டினார். கடையின் குட்டி லென்ஸை அண்ணனுடைய கேமராவில் பொருத்தி மேசைமேல் வைத்தார். கேமராவை அரை நிமிஷம்கூடத் திறந்தபடி விடமாட்டார் அவர், உள்ளே தூசி போய்விடுமாம்.

“குடுங்க, நான் பார்த்துச் சொல்றேன்,” என்று நீண்ட லென்ஸ் மாட்டியதைக் கையில் வாங்கிய அண்ணன், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். கடைக்காரர் ரசீதுப் புத்தகத்தைத் தேடினார்.

நர்ஸ் மேசைமேல் குட்டி லென்ஸோடு இருந்ததை எடுத்தாள். திரையைத் திருப்பித் தன் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஒட்டிய கன்னம். தன்னைப் பார்க்கத் தனக்கே பாவமாக இருந்தது. டக்கென்று முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது.

“என்னங்க, எனக்கு மஞ்சளா வருது?”

“இருக்காதே,” என்று கடைக்காரர் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். திரையில் இரண்டு முகங்கள். அவருக்கு வெள்ளைக் கட்டம், அவளுக்கு மஞ்சள்.

“உங்க முகத்தைப் பதிஞ்சு வச்சிருக்கும்மா.”

“நான் இந்தக் கடைக்கே இன்னைக்குத்தானே வரேன்?”

“அதானே! இதுவும் இன்னைக்குக் காலையில பிரிச்ச பெட்டிதான்...”

கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் பெயின்ட் தேய்ந்து வெளுத்திருந்தது. அவர் குரல் தாழ்ந்துபோயிற்று.

“அம்மா, இது கடைக் கேமரா இல்லை. நான் லென்ஸை மாத்தினேனே... இது சாரோடது.”

நர்ஸ் மெல்லத் தலையைத் திருப்பினாள். வாசலில் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நீண்ட லென்ஸ், இப்போது கடைக்குள்ளே அவள் முகத்தைப் பார்த்து நின்றது, சத்தமே வரவில்லை.