கேப்டனின் குரல்

"கேம் ஆடுறது யாரு அண்ணாச்சி? அதுக்குத் தக்கன வைக்கணும்," என்று கேட்டபடியே மாரிச்செல்வம் புது ரவுட்டரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தார்.

"நாந்தானுங்க," என்றார் தங்கதுரை.

மாரிச்செல்வம் நிமிர்ந்து பார்த்தார். தூத்துக்குடியிலிருந்து வந்து, திருப்பூரில் பதினைந்து வருடமாக வீடு வீடாக நெட் கனெக்‌ஷன் கொடுப்பவர். நல்லூரில் நாலு நிட்டிங் மெஷின் ஓட்டும் ஐம்பத்தாறு வயது ஓனர் ஒருவர், துப்பாக்கிச் சண்டை கேமுக்காக ரவுட்டர் மாற்றுவதை இன்றுதான் பார்க்கிறார்.

"சிரிக்காதீங்க. எங்க டீம்ல நாலு பேரு. தெனமும் ஏழு மணிக்கு ஆட்டம். எல்லாரும் ஓடறப்ப நான் மட்டும் செலையாட்ட நின்னுக்கறேன். போன வாரம் அப்டேட்னு நாப்பது ஜிபி வந்துச்சு. அது எறங்கறதுக்கே ரெண்டு நாளாச்சுங்க."

"கூட ஆடுறவங்க சும்மாவா இருக்காக?"

"எங்கீங்க. ரெண்டு பேரு என்னைய மாத்திரோணும்னு ஒரே பிடியா நிக்கறாங்க. கேப்டன்தான், இன்னிக்கு ஒரு நாளு பாக்கலாம்னு சொல்லியிருக்காப்ல." சொல்லும்போதே தங்கதுரையின் முகம் வாடியது.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ருக்குமணி, "கேப்டன் பேசறது வெட்டி வெட்டிக் கேக்குதுங்க. மொதல்ல அதைய சரி பண்ணிக் குடுங்க," என்றாள்.

"அக்காவும் ஆடுவியளா?"

"இல்லீங்க. பக்கத்துல உக்காந்து கேக்கறதோட சரி. இது வந்ததுல இருந்து சீரியலே பாக்கறதில்லீங்க."

பழைய ரவுட்டர் பீரோவின் மேல், பஞ்சுத் தூசி மூடிக் கிடந்தது. மாரிச்செல்வம் அதைக் கழற்றிவிட்டு, ஆறு ஆன்டெனா வைத்த புதியதை ஹாலின் நடுச்சுவரில் மாட்டினார். அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு வயர் இழுத்தார்.

"கேமுக்கு வைஃபைய நம்பாதிய. வயர்தான் சரி. இந்தா பாருங்க, பிங், அதான் சிக்னல் போயிட்டு வர்ற நேரம், நூத்தி எண்பது இருந்துச்சு. இப்ப இருபத்தஞ்சு. நீங்க சுட்டா அந்த நிமிஷமே படும்."

தங்கதுரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைக்குல ஒரு வார்த்தை பேசுங்க அண்ணாச்சி. செக் பண்ணிருவோம்."

"அது ஆஃப்லயே இருக்கட்டுமுங்க. நான் டைப் அடிச்சுக்குவேன்."

"ஏன்?"

"என்ர குரலக் கேட்டாப் போச்சுங்க. அப்பறம் டீம்ல வெச்சுக்க மாட்டாங்க."

"இப்பல்லாம் வயசை யாரு பாக்கா? தைரியமாப் பேசுங்க," என்று சிரித்துவிட்டு மாரிச்செல்வம் பைக்கை எடுத்தார்.

ஏழு மணிக்கு ருக்குமணி நாற்காலியை ஸ்பீக்கர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கேப்டனின் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் அத்தனை தெளிவாக வந்தது.

"சளி புடிச்சிருக்குதாட்ட," என்றாள் அவள் மெதுவாக.

அன்றைக்குத் தங்கதுரை ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கடைசிச் சுற்றில் கேப்டன் அடிபட்டு விழ, எதிரணியில் இரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். தங்கதுரை பாறைக்குப் பின்னாலிருந்து வந்து இருவரையும் சுட்டு வீழ்த்தி, கேப்டனை எழுப்பிவிட்டார். டீம் ஜெயித்தது. மாற்றச் சொன்ன இரண்டு பேரும் அவரைப் பாராட்டிவிட்டு வெளியேறினார்கள்.

கேப்டன் மட்டும் போகவில்லை. "பிரமாதமா ஆடுனீங்க. புது ரவுட்டருங்களா?"

'ஆமாங்க' என்று தங்கதுரை டைப் செய்தார்.

ருக்குமணி எழுந்து வந்து கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனியாவது மைக்க ஆன் பண்ணுங்கப்பா. 'பாத்துச் சுடுங்க கண்ணு'ன்னு டைப் அடிக்கற ஆளு இந்த கேம்லயே நீங்க ஒருத்தர்தான். நீங்க டீம்ல சேந்த மொத நாளே கண்டுபுடிச்சுட்டேன்," என்றான், நிட்டிங் யூனிட்டைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு பெங்களூர் போய், ஒன்றரை வருடமாக வீட்டுக்கு ஒரு போன்கூடச் செய்யாத அவர்கள் மகன் பிரதீப்.