திரையில் விட்ட இடம்

கணினிக்குள் ஒரு மயிலாட்டக் காணொளி தினமும் மேளச் சத்தத்தோடு தோகை விரித்து ஆடிவந்தது. ஆடி முடித்ததும் வெளியே கைதட்டல் கேட்கும். அதில் அதற்குத் தலைகால் புரியாது.

ஒருநாள், திரையில் எது எங்கே இருக்கிறது என்று பார்க்கும் ‘எங்கே’ என்ற கட்டளை அளவெடுக்க வந்தது.

"அண்ணே, உங்க இடத்தோட அகலம், உயரம் சொல்லுங்க."

"அறுநூற்று நாற்பது புள்ளி, நானூற்று எண்பது புள்ளி. பிறந்ததிலிருந்தே அதுதான்."

"அது உங்க உடம்பு அளவு. திரையில உங்களுக்கு விட்ட இடத்தைக் கேட்கிறேன்."

இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்திருந்த காணொளி சிரித்தது. "சந்தேகம்னா நீயே அளந்துக்கோ, தம்பி."

கட்டளை அளந்தது. நம்பாமல் மறுபடியும் அளந்தது.

"அகலம் பூஜ்யம், அண்ணே. உயரமும் பூஜ்யம்."

விரித்த தோகை விரித்தபடியே நின்றது.

"அப்போ, இத்தனை நாளா கைதட்டினாங்களே?"

கட்டளை தலையைக் குனிந்துகொண்டது. "அது மேளத்துக்கு, அண்ணே."