கெட்டி ஸ்பிரிங்

வீரம் கையில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது என்று மேடைதோறும் முழங்கியவர் கல்குவாரி வீரபாகு. கையிலும் கொஞ்சம் வேண்டியிருக்கிறது என்பது துப்பாக்கிக் கடையில்தான் தெரிந்தது. குவாரியில் பங்கு கேட்ட ஒன்றுவிட்ட தம்பி, ஐப்பசிக்குள் தலையை எடுப்பதாக ஆள் விட்டுச் சொல்லியிருந்தான். வீரபாகுவுக்கோ வாதம் வந்த பிறகு விரல்களில் பிடியே இல்லை.

இடுப்பில் மறைகிற குட்டிப் பிஸ்டலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதன் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் குண்டு ஏறும். முகம் சிவக்க இழுத்தும் நகரவில்லை.

"சின்னதுல ஸ்பிரிங் கெட்டி, அண்ணாச்சி. பெருசு லேசா வரும்," என்றார் கடைக்காரர்.

பெரியதும் வரவில்லை. ரிவால்வரில் இழுக்கிற வேலையே கிடையாது. ஆனால் அதன் விசை, இரண்டு விரல் போட்டும் அசையவில்லை.

"துருப்பிடிச்ச சாமானாப் பாத்து எடுத்துக் குடுக்கீராவே?" என்று சீறினார்.

பக்கத்தில் நின்ற மனைவி உச்சிமாகாளி பெரிய பிஸ்டலை எடுத்தாள். ஒரே இழுப்புதான். சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

வீரபாகு சட்டென்று முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து, அவர் கை ஓங்கும்போதெல்லாம் அப்படி மறைத்துக்கொள்வது அவள் வழக்கம். அவர் செய்து அன்றுதான் பார்த்தாள்.

"வெறும் துப்பாக்கிதான. குண்ட வீட்டுல போயி நான் போட்டுத்தாரேன்," என்றாள்.

"பெறவென்ன, மதினி கூடவேதான இருப்பாங்க. இதையே எடுத்துக்கிடுங்க," என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்று வீரபாகு விருட்டென எழுந்தார். வேட்டி அவிழ்ந்துவிட்டது. அவள் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுக் கட்டிவிட்டாள். காலையிலும் அவள்தான் கட்டிவிட்டிருந்தாள்.